சுவரில் செருகும் பவர் மீட்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. பெட்டியின் பின்பக்கத்தில் என்னென்ன அளவுகள் திரையில் வரும் என்று போட்டிருப்பார்கள். அதில் வாட் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாட்டோடு விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண்), பவர் ஃபேக்டர் (வாட்டை விஏவால் வகுத்த எண்) இரண்டும் தனித்தனியாக வந்தால் மட்டும் எடுங்கள். நான் இந்தக் கருவியைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு எண்களுக்காகத்தான்.

கருவி எளிமையானது. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதன் முகத்தில் இருக்கும் சாக்கெட்டில் நம் சாதனத்தைச் செருக வேண்டும். வோல்ட், ஆம்பியர், வாட், விஏ, ஹெர்ட்ஸ், பவர் ஃபேக்டர், ஓடிய மொத்த யூனிட் எல்லாம் ஒரு பொத்தானை அழுத்த அழுத்த மாறி மாறி வரும். ஒரே உடலைப் பல பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், திரையில் என்ன வருகிறது என்பதைப் பாருங்கள்.

இது வருவதற்கு முன் என்னிடம் ஒரு கிளாம்ப் மீட்டரும் (கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) ஒரு மல்டிமீட்டரும் இருந்தன. பழைய சோக் வைத்த 36 வாட் டியூப்லைட் ஒன்றை அளந்தபோது கரண்ட் 0.43 ஆம்பியர், வோல்டேஜ் 230. இரண்டையும் பெருக்கினால் 99. முப்பத்தாறு வாட் என்று எழுதியிருக்கும் விளக்கு நூறு வாட் இழுக்கிறது என்று நம்பி அந்த டியூப்லைட்டையே கழற்றி வைத்துவிட்டேன், பல மாதம் அப்படியே கிடந்தது. இந்த மீட்டர் வந்த அன்று முதல் வேலையாக அதை எடுத்துச் செருகினேன். 0.43 ஆம்பியர், சரி. 99 விஏ, அதுவும் சரி. வாட் என்ற இடத்தில் 45. பவர் ஃபேக்டர் 0.45. விளக்குக்கு 36, சோக் சூடாவதற்கு ஒரு 9, அவ்வளவுதான் உண்மையான செலவு. மீதி எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்தான் பள்ளியில் சூத்திரமாக மட்டும் படித்த ரியாக்டன்ஸ், பாடப்புத்தகத் தமிழில் மின்மறுப்பு, அதாவது சுருளும் கெப்பாசிட்டரும் சக்தியைத் தின்னாமலே கரண்டை மட்டுப்படுத்தும் குணம், எனக்கு முதல் முறையாகப் புரிந்தது.

மீட்டர் என்ன செய்கிறது என்றால், அந்தந்தக் கணத்து வோல்டேஜையும் அந்தந்தக் கணத்துக் கரண்டையும் உடனுக்குடன் பெருக்கி, அந்தப் பெருக்கல்களின் சராசரியை எடுக்கிறது. அதுதான் வாட். நான் செய்தது வேறு, வோல்டேஜின் சராசரி மாதிரி ஒரு எண், கரண்டின் சராசரி மாதிரி ஒரு எண், இரண்டையும் கடைசியில் பெருக்கினேன், அது விஏ. ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி வெறும் தடை மட்டும் உள்ள பொருளில் இரண்டும் ஒன்றுதான். 60 வாட் குண்டு பல்பைச் செருகிப் பார்த்தேன், 0.26 ஆம்பியர், 60 வாட், 60 விஏ, பவர் ஃபேக்டர் 1.00. சோக்கில் அப்படி இல்லை. அது ஒரு கம்பிச் சுருள், கரண்ட் மாறுவதை அது எதிர்க்கும், அதனால் வோல்டேஜ் உச்சத்துக்குப் போன பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் கரண்ட் உச்சத்துக்கு வரும். இப்படித் தாமதமாகும்போது ஒவ்வொரு சுற்றிலும் சில கணங்களில் வோல்டேஜ் ஒரு பக்கமும் கரண்ட் எதிர்ப் பக்கமுமாக இருக்கும், பெருக்கினால் கழித்தல் குறி வரும். கழித்தல் குறி என்றால் அந்தக் கணத்தில் சக்தி சோக்கிலிருந்து லைனுக்குத் திரும்பிப் போகிறது என்று பொருள். 50 ஹெர்ட்ஸ் லைனில் வினாடிக்கு 100 தடவை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் கணக்கில் அது செலவாக வராது, ஆனால் கம்பியில் கரண்டாக ஓடியிருக்கும். கிளாம்ப் மீட்டர் அந்தக் கரண்டைத்தான் பார்த்தது.

இந்த இடத்தில் சிலர் ரியாக்டன்ஸ் என்றாலே வீண் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எரியும் டியூப் தன் இரு முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 103 வோல்ட்தான் வைத்துக்கொள்ளும், லைனில் வருவது 230. மீதியை ஒரு ரெசிஸ்டரில், அதாவது வெறும் தடையில், விட்டிருந்தால் 127 வோல்ட், 0.43 ஆம்பியர், அதாவது சுமார் 55 வாட் வெறும் சூடாகப் போயிருக்கும், விளக்கு எடுப்பதை விட அதிகம். சோக் அதே கரண்டை 9 வாட் இழப்பில் கட்டுப்படுத்துகிறது. அத்தனை பெரிய லாபத்தை ரியாக்டன்ஸ்தான் தருகிறது. இன்னொரு விஷயமும் இதே டியூப்லைட்டில் உண்டு. எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அளந்து காட்டினார், டியூபின் மேல் 103 வோல்ட், சோக்கின் மேல் 200 வோல்ட் அளவுக்கு. கூட்டினால் 303, ஆனால் லைனில் இருப்பது 230 மட்டுமே. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை, ஒன்று போன பிறகு ஏறக்குறைய கால் சுற்று கழித்துத்தான் மற்றது, அதனால் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலத்தான் அவற்றைக் கூட்ட வேண்டும். பித்தாகரஸ் தேற்றம் ஒரு விளக்குக்குள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். இப்படிப்பட்ட கணக்கை 1893இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் சிக்கலெண்களை (complex numbers) வைத்துச் சுலபமாக்கிக் கொடுத்தார். இன்று நாம் போடும் ஏசி (மாறுதிசை மின்னோட்டம்) கணக்கு எல்லாம் அந்த வழியில்தான் போகிறது.

இப்போது மீட்டருக்கு வருகிறேன். அதன் திறமையை ஒரு கெப்பாசிட்டரை வைத்துச் சோதித்தேன். இதுவும் சக்தியைத் தேக்கித் திருப்பிக் கொடுக்கும் பாகம்தான், ஆனால் சோக்குக்கு நேர்மாறாக இதில் கரண்ட் வோல்டேஜை முந்தும். ஏசி மின்னோட்டத்துக்கு என்றே செய்த, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் (பிடுங்கிய பிறகு உள்ளே தேங்கியதை வடித்துவிடுவது) பொருத்திய 4 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். (இதை வீட்டில் செய்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இல்லாத கெப்பாசிட்டரைப் பிடுங்கியவுடன் அதன் முள்ளைத் தொட்டால் அந்த 325 உங்கள் விரலில் இறங்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) கணக்கு இப்படி: 50 ஹெர்ட்ஸை 2 பையால் (2π) பெருக்கினால் 314, அதை 4 மைக்ரோ ஃபாரட்டால் (0.000004) பெருக்கித் தலைகீழாக்கினால் ரியாக்டன்ஸ் 796 ஓம். 230ஐ 796ஆல் வகுத்தால் 0.29 ஆம்பியர். மீட்டரில் வந்தது 0.29 ஆம்பியர், 66 விஏ, 0.2 வாட், பவர் ஃபேக்டர் 0.00. பாடத்தில் சுழித்திறன் மின்னோட்டம் (வாட் செலவில்லாமல் ஓடும் கரண்ட்) என்று படித்தது திரையில் அப்படியே நின்றது. கால் ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது, கையை வைத்தால் கெப்பாசிட்டர் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

அடுத்தது நான் இந்தக் கருவியில் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த சோதனை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மீட்டரில் செருகி, அதில் டியூப்லைட்டையும் கெப்பாசிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தேன். தனியாக ஒன்று 0.43, இன்னொன்று 0.29. சேர்த்தால் 0.72 என்று யாரும் நினைப்பார்கள். வந்தது 0.22. இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவர் மட்டும் குடித்ததை விடக் குறைவாகக் குடிக்கிறார்கள்! வாட் அதே 45, ஒரு புள்ளி கூட அசையவில்லை. பவர் ஃபேக்டர் 0.45இலிருந்து 0.90க்கு ஏறிவிட்டது. சோக் தாமதமாகக் கேட்பதைக் கெப்பாசிட்டர் முந்திக்கொண்டு கொடுக்கிறது, சோக் திருப்பிக் கொடுப்பதைக் கெப்பாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவர்கள் இருவருக்குள்ளேயே அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுவதால் லைன் வரைக்கும் வர வேண்டிய வேலை குறைகிறது. பழைய டியூப்லைட் பட்டிகள் சிலவற்றில் உள்ளேயே ஒரு கெப்பாசிட்டர் இருப்பது இதற்காகத்தான்.

இதே சோதனைதான் பவர் சேவர் என்று விற்கும் பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறது. ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்இடி, அந்த எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர், வேறு எதுவும் இல்லை. விற்பவர்கள் காட்டும் டெமோவில் ஒரு மோட்டாரை ஓடவிட்டு ஆம்பியர் மீட்டரைக் காட்டுவார்கள், பெட்டியைச் செருகியதும் முள் பாதியாக இறங்கும், பார்ப்பவர் கரண்ட் பில்லும் பாதியாகிவிடும் என்று எடுத்துக்கொள்வார். ஆம்பியர் இறங்குவது உண்மை, நான் மேலே பார்த்ததும் அதுதான். ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது கிலோவாட் மணியை, அது இறங்குவதில்லை. கம்பியில் ஏற்படும் சூடு குறையுமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி, கணக்கும் போட்டேன்: வீட்டுக்குள் ஓடும் வயரின் தடை ஒரு ஓம் என்று வைத்தால் 0.43 ஆம்பியரில் 0.18 வாட் இழப்பு, 0.22இல் 0.05. மிச்சம் 0.13 வாட். ஒரு வருடம் முழுக்க இடைவிடாமல் எரிந்தாலும் ஒன்றேகால் யூனிட் கூட வராது. தொழிற்சாலையில் பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில், விஏவுக்கும் சேர்த்துப் பில் போடும் இடத்தில், கெப்பாசிட்டர் வரிசை வைப்பது சரியான முதலீடு. வீட்டில் எந்த மோட்டாரும் ஓடாத நேரத்தில் அந்தப் பெட்டி சுவரில் தனியாகக் கிடந்து கரண்டைக் கூட்டத்தான் செய்யும்.

அப்புறம் குறைகள். முதல் குறை, எனக்கு மிகவும் உறுத்துவது, பவர் ஃபேக்டருக்கு இது குறி காட்டுவதில்லை. 0.45 என்று வரும், கரண்ட் பின்தங்குகிறதா முந்துகிறதா என்று சொல்லாது. சோக்கும் கெப்பாசிட்டரும் இதன் கண்ணுக்கு ஒரே ஜாதி. இதற்கு நான் கண்டுகொண்ட வழி, அதே கெப்பாசிட்டரை இணையாகச் செருகிப் பார்ப்பது. மொத்தக் கரண்ட் இறங்கினால் சாதனம் பின்தங்குகிற வகை. ஏறினால் அந்த வகை இல்லை, அல்லது கெப்பாசிட்டர் தேவைக்கு மேல் பெரிது. ஃபிரிட்ஜில் இறங்கியது. எல்இடி பல்பில் ஏறியது.

எல்இடி பல்பு என்றதும் இரண்டாவது குறை. 9 வாட் பல்பு ஒன்று 0.07 ஆம்பியர், 16 விஏ, பவர் ஃபேக்டர் 0.56 என்று வந்தது. இதைப் பார்த்து சோக் மாதிரி ஏதோ உள்ளே இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. மலிவான எல்இடி பல்பில் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகளுக்குப் பின்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், லைன் வோல்டேஜ் உச்சத்தை நெருங்கும் சில கணங்களில் மட்டும் அது குபுக்கென்று கரண்டை இழுத்துக்கொண்டு மற்ற நேரம் சும்மா இருக்கும். அலை தாமதமாவதில்லை, அலையின் உருவமே கெட்டுப்போகிறது. எந்தக் கெப்பாசிட்டரை இணையாக வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அலை தள்ளிப்போனதால் வந்த 0.56க்கும் அலை சிதைந்ததால் வந்த 0.56க்கும் இந்த மீட்டரில் வித்தியாசம் கிடையாது, இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கிவிடுகிறது. வாட் எண் மட்டும் இரண்டு நிலையிலும் நம்பலாம், ஏனென்றால் அது கணத்துக்குக் கணம் பெருக்கி எடுத்தது. என் பழைய கிளாம்ப் மீட்டர் சைன் அலை என்று எண்ணிக்கொண்டு சராசரியை 1.11ஆல் பெருக்கிக் காட்டுகிற வகை, இந்தப் பல்பின் கரண்டையே அது தவறாகக் காட்டியது. ட்ரூ ஆர்எம்எஸ் (அலையின் உருவம் எப்படி இருந்தாலும் சரியாக அளப்பது) என்று எழுதியதை வாங்குங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, மிகச் சிறிய லோடில் தடுமாறுகிறது. கைபேசி சார்ஜரை வெறுமனே செருகி வைத்தால் 0.0 வாட், சில நேரம் 0.3, சில நேரம் மறுபடி 0.0. அரை வாட்டுக்குக் கீழே இது சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. ஆனாலும் அங்கே ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. அணைத்து வைத்த வாஷிங் மெஷின் 0.016 ஆம்பியர், 3.7 விஏ, 0 வாட் என்று நின்றது. 230ஐ 0.016ஆல் வகுத்தால் 14,400 ஓம் அளவு, அதைக் கெப்பாசிட்டராக மாற்றினால் 0.22 மைக்ரோ ஃபாரட். லைனில் மின் இரைச்சல் போகாமல் தடுக்க பிளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் வழக்கமாக வரும் மதிப்பு அது. மெஷினைத் திறக்காமலே உள்ளே இருக்கும் ஒரு பாகத்தைப் படித்துவிட்டேன், அந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது.

மற்றபடி சின்னச் சின்னத் தொல்லைகள். உடல் அகலம், பக்கத்து சாக்கெட்டை மறைக்கிறது. தரைக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருந்தால் திரையைப் படிக்கக் குனிந்து உட்கார வேண்டும், பின்விளக்கும் பத்து வினாடியில் அணைந்துவிடுகிறது. முதலில் வந்த கருவியில் வோல்டேஜ் 5 வோல்ட் குறைவாகக் காட்டியது, மாற்றித் தரச் சொல்லி விற்றவரிடம் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது, மாற்றி வந்தது சரியாக இருக்கிறது. வாங்கியதும் ஒரு குண்டு பல்பைச் செருகிப் பவர் ஃபேக்டர் 1.00 வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

யூபிஎஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். யூபிஎஸ்ஸின் மேல் 600 விஏ, 360 வாட் என்று இரண்டு எண் போட்டிருக்கும், பலர் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். இரண்டும் தனித்தனி எல்லை. உங்கள் சாதனங்களை எல்லாம் ஒன்றாகச் செருகி விஏவையும் வாட்டையும் தனித்தனியாகப் படித்து, இரண்டுமே எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, இந்தக் கருவி எனக்குப் போட்ட பணத்தை எடுத்துக் கொடுத்த சம்பவம். பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ், கீழ்ப்பகுதி குளிரவே இல்லை. பார்க்க வந்தவர் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு மீட்டரைச் செருகினேன். கம்ப்ரஸர் ஓடும்போது 110 வாட், 172 விஏ, பவர் ஃபேக்டர் 0.64. மோட்டார் என்றால் அப்படித்தான் இருக்கும், அதன் சுருள் வேலை செய்கிறது. இந்த வகை ஃபிரிட்ஜில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் பனியை உருக்க ஒரு ஹீட்டர் ஓடும், ஹீட்டர் என்பது வெறும் தடை, அது ஓடும் நேரத்தில் பவர் ஃபேக்டர் 1.00க்குப் போய் நிற்க வேண்டும். கைபேசியை மீட்டருக்கு எதிரே நிறுத்தி, பக்கத்தில் ஒரு விளக்கையும் வைத்து, ஒரு நாள் முழுக்க நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க விட்டேன். அத்தனை படத்திலும் கம்ப்ரஸர் ஓடும்போது 0.64, நிற்கும்போது ஒன்றுமில்லை. 1.00 ஒரு தடவை கூட வரவில்லை. ஹீட்டர்தான் ஓடவில்லை, பனி கட்டிக் காற்று போகும் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறு ஒருவரை அழைத்து, படங்களைக் காட்டி, பின்தட்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பனி சுவர் மாதிரி நின்றது, ஹீட்டர் கம்பி அறுந்திருந்தது. புதிய ஹீட்டர் போட்ட அன்று இரவு மீட்டர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குக் கம்ப்ரஸர் நின்றது, சில வினாடியில் திரையில் 150 வாட், 150 விஏ, 1.00.